யாரைக் கேட்டு அடிச்சான்?

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் தர்றீங்களா சார்? படிக்க இல்ல. கண்ணாடிய வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். முதல் பக்கத்துல அந்த வெளிநாட்டு அதிபரு, அந்தாளு படம் போட்டிருக்கான் பாருங்க, அதை உள்ள திருப்பி மடிச்சு வச்சுக்கலாம்னுதான். நாகப்பட்டினத்துல பஸ் எடுத்ததுலேந்து அவன் மூஞ்சி என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. ஆங், இப்ப சரி. நீங்க உள் பக்கம் படிங்க.

தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் சண்டைக்காரன் இல்ல. பேரு வேதரத்தினம், ஊரு தாழந்துறை, கடல் தொழிலு. பதினோரு வருஷம் ஊர்த் தலைவரா இருந்தவன். இப்ப இல்ல. நானே விட்டுட்டேன்னு வச்சுக்குங்க.

என் மவன் அந்தாளுகிட்ட இருக்கான் சார். கலைவேந்தன்னு பேரு. ஒரே புள்ள. எந்தக் கப்பல்ல வச்சிருக்கான், எந்தத் தீவுல வச்சிருக்கான், தெரியாது. இன்னியோட பதினேழு நாளு. சாப்பிட்டானான்னு தெரியாது. உசிரோட இருக்கானான்னு கேட்டா இருக்கான்னுதான் சொல்லணும், நான் பெத்தவன், வேற என்ன சொல்றது?

வளைகுடாவுல மீன்புடிக்கிற வேலை. அரபிக்காரர் ஒருத்தரோட போட்டு. ரெண்டு போட்டுல எங்க கரைப் பசங்க இருக்கானுங்க. அன்னிக்குப் பின்னாடி வந்த போட்டுல இஞ்சின் நின்னுபோச்சு. நின்னுபோனா என்ன செய்வோம்? முன்னாடி இருக்கறவன் திரும்பி வந்து, ஒட்டி நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வருவான். அதைத்தான் என் மவன் செஞ்சிருக்கான். மேலேந்து அந்தாளோட படை விட்ட ஆளில்லாத விமானம் ஒண்ணு பாத்திருக்கு. ரெண்டு போட்டு ஒட்டி நிக்குது, ஒண்ணுலேந்து ஒண்ணுக்குக் கயிறு போவுது. ஆயுதம் மாத்துறானுங்கன்னு முடிவு பண்ணிட்டான். அடிச்சுட்டான். முன் போட்டு ரெண்டாப் பொளந்து போச்சு.

ரெண்டு போட்டு சேந்து நின்னா ஆயுதமா சார்? கிட்ட வந்து பாக்க வேணாம்? ஒரு சத்தம் குடுத்து, யார்ரா நீங்கன்னு கேக்க வேணாம்? 

பின் போட்டுல இருந்தவன் மகிழரசன்னு ஒரு பையன். அவன்தான் கயித்தை வெட்டிவுட்டு, நீரோட்டத்துலயே ஒதுங்கித் தப்பிச்சவன். அவன் கண்ணால பாத்திருக்கான், என் மவனைத் தண்ணியிலேந்து தூக்கி அந்தப் படைக்காரனுங்க சின்னப் போட்டுல ஏத்தினதை. காலை உதறிக்கிட்டு இருந்தானாம். காலு ஆடிச்சுன்னா உசிரு இருக்குல்ல? அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டுதான் நானும் எங்க வூட்டுல அதுவும் பதினேழு நாளு ஓட்டியிருக்கோம்.

இதுல கொடுமை என்னன்னு கேளுங்க. யுத்தத்துல புடிச்ச ஆளுன்னா பேர் பட்டியல் குடுக்கணுமாம். இன்னார் இன்ன எடத்துல இருக்கான்னு சொல்லணுமாம், கடுதாசி எழுத விடணுமாம். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு நல்ல மனுசன் உக்கார வச்சு வெளக்கமா சொன்னாரு. ஆனா அந்தாளு டிவியில என்ன சொல்றான்? "இது யுத்தம் இல்ல, ஒரு நடவடிக்கை"ங்கறான். யுத்தம்னு அறிவிக்கவே இல்ல. அவன் ஊரு சபையக் கூட்டவே இல்ல. அடிச்சு முடிச்சப்பறம் சபைக்கு ஒரு கடுதாசி எழுதிச் சொல்லிட்டானாம். செஞ்சுட்டு அப்பறம் சொல்றதுக்குப் பேரு சொல்றதா சார்? யுத்தம் இல்லைன்னா என் புள்ள யுத்தக் கைதி இல்ல. திருடனும் இல்ல, திருடன்னா கோர்ட்டுக்குக் கொண்டாரணும். அப்ப என் புள்ள யாரு? பேரே இல்லாம எங்கயோ கிடக்கான்.

யாரைக் கேட்டு அடிச்சான்? அதான் என் கேள்வி. தலைவர்னா தலைவர்தான், இல்லங்கல. நானும் தலைவரா இருந்தவன்தான். அதுக்குன்னு கேள்வி முறை வேணாமா?

எங்க கரையில முறை இருக்கு சார். படிக்காத ஜனம்னு நினைக்காதீங்க. பக்கத்து ஊரோட ஒரு தகராறுன்னா, முதல்ல கோயில் மைக்ல சொல்லணும், தலைக்கட்டுக்கு ஒரு ஆள் ஊர்க் கூடத்துக்கு வரணும்னு. தலைக்கட்டுன்னா ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ஆம்பள. எல்லாரும் வந்து உக்காந்து, பேசி, கை தூக்கணும். அப்பறம் ரெண்டு பெரியவங்க அந்த ஊருக்கு நடந்துபோயி, எங்க ஊரு இப்படி முடிவு பண்ணியிருக்கு, நாளையிலேந்து ஒங்க போட்டு எங்க பக்கம் வந்தா மறிப்போம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரணும். சொல்லாம போயி கை வச்சதா சரித்திரமே கிடையாது.

இல்ல, மாசி மாசத்துல ஒண்ணு நடந்துச்சு. அது வேற.

நீங்க கேக்கறதால சொல்றேன். சாலிமேடுன்னு எங்களுக்கு வடக்கால ஊரு. சுருக்குமடி வலை போடறதில்லைன்னு ரெண்டு ஊரும் சத்தியம் பண்ணியிருக்கோம். அந்த வலை குஞ்சு குளுவான் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும். ஆனா அவனுங்க திருட்டுத்தனமா போடறானுங்கன்னு எனக்குச் சேதி. ரெண்டு போட்டு ஜோடியா போனாத்தான் அந்த வலைய வளைக்க முடியும். கூட்டம் போடுங்கன்னு நாலு பேரு சொன்னாங்க. போட்டா என்ன ஆவும்? ஒருத்தன் அந்த ஊருக்குப் பொண்ணு குடுத்திருப்பான், இன்னொருத்தன் எடுத்திருப்பான். மாமான்னு இழுப்பான், மச்சான்னு இழுப்பான். விஷயம் சாயங்காலத்துக்குள்ள சாலிமேட்டுக்குப் போயிடும். பதவியில இருக்கறவனுக்குத்தான் சார் தெரியும், சில நேரம் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது.

ஆறு போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். விடியற நேரம். அந்தா தெரியுது, ரெண்டு போட்டு ஒட்டி நிக்குது, நடுவுல கயிறு. வேற என்ன வேணும்? சுருக்குமடிதான்னு சொல்லி, போட்டை நேரா விடுன்னேன். எங்க போட்டு போயி அடிச்சுச்சு. வலை இல்ல சார். ஒருத்தனுக்கு இஞ்சின் நின்னுபோயிருக்கு, இன்னொருத்தன் இழுத்துக்கிட்டு வந்திருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? தூரத்துலேந்து பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.

தேசிங்குன்னு ஒரு பையன், ரெண்டு போட்டுக்கும் நடுவுல கைய வச்சிருந்திருக்கான். வலது கையில மூணு விரலு போச்சு. உசிருக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிச் செலவு நான்தான் குடுத்தேன், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. இதைச் சண்டைன்னு பேசறானுங்க. சண்டை இல்ல சார், நம்ம கடலைக் காப்பாத்தறதுக்கு ஒரு நடவடிக்கை. அவ்வளவுதான். தப்பான தகவல்ல நடந்து போச்சு.

என்ன சார் ஜன்னல் பக்கமே பாக்குறீங்க? வெயில் அடிக்குதா? ஸ்கிரீனை இழுத்து விடுங்க.

என் மவன் அன்னிக்குப் போட்டுல ஏறல. கரையில நின்னுக்கிட்டு, "கூட்டம் போடுங்கப்பா, போட்டுட்டுப் போங்கப்பா"ன்னான். எல்லாரு முன்னாடியும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏறுடான்னேன். ஏறல. அப்பறம் ஒரு மாசம் வூட்டுல எங்கிட்டப் பேச்சே கிடையாது. சித்திரையில வளைகுடாவுக்குக் கிளம்பிட்டான். சம்பளம் அதிகம்னு போனான். எங்க வூட்டுல அது, வள்ளிக்கண்ணு, அது வேற சொல்லும். "ஒங்க மூஞ்சியப் பாக்க முடியாமப் போறான்"னு சொல்லும். பொம்பளைங்க எதையாவது சொல்லிக்கிட்டுதான் இருப்பாங்க.

அவன் யாரோட போனான்னு நினைக்கிறீங்க? அந்த மகிழரசனோட. மகிழரசன் யாரு? அந்தத் தேசிங்கோட கூடப்பொறந்த தம்பி. ஊருல வேற ஆளே கிடைக்கலையா அவனுக்கு!

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். கலெக்டர் ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னா, இவன் மீனவன், கயிறு கட்டி இழுத்துக்கிட்டுதான் வந்தான், ஆயுதம் இல்லைன்னு நேர்ல பாத்த சாட்சி வேணும். எழுத்துல வேணும். அதோட சென்னையில மனு குடுத்தா, டெல்லி வழியா அந்த நாட்டுக்காரங்ககிட்ட பேரச் சொல்லிக் கேப்பாங்க. ஒரு தடவை பேரச் சொல்லிக் கேட்டுட்டா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்ல முடியாதாம். சாட்சி உலகத்துலயே ஒருத்தன்தான். மகிழரசன். அவன் இப்ப அங்க ஒரு துறைமுகத்துல இருக்கான். போன்ல சொல்றான், "எழுதித் தர்றேன் மாமா, ஆனா எங்க ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க." அதுவும் எங்க கரை முறைதான். ஊர் அனுமதி இல்லாம எவனும் வெளியில போயி சாட்சி சொல்ல மாட்டான்.

போனேன். நேத்து காலையில. ஏழு மணிக்கெல்லாம் சாலிமேட்டுக் கூடத்து வாசல்ல நிக்கிறேன். அந்த ஊருக்குள்ள மாசிக்கு அப்பறம் கால் வச்சது அதான் முதல் தடவை. ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல. போங்கன்னும் சொல்லல. ஒரு பொம்பள தண்ணிச் செம்பைக் கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு மூஞ்சியப் பாக்காம போயிடுச்சு. நான் குடிக்கல.

அவங்க தலைவர் நாகமுத்து. என் வயசுதான். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கையெழுத்து போடுய்யா, முத்திரைய வையின்னேன். அவன் கேட்டுட்டு நேரா மைக்குக்குப் போறான். "தாழந்துறை வேதரத்தினம் வந்திருக்காரு. நம்ம மகிழரசன் சாட்சி சொல்றது சம்பந்தமாக் கூட்டம். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் கூடத்துக்கு வரணும்."

"நாகமுத்து, புள்ள உசிரு போவுதுய்யா. இதுக்கெதுக்குக் கூட்டம்? நீ தலைவரு, நீ போட்டாப் போதும்"னேன்.

"நான் போட்டா அது என் கையெழுத்து. ஊரு போட்டாத்தான் ஊருக் கையெழுத்து"ங்கறான்.

"அவசரம்யா!"

"அவசரம்தான். அதான் உடனே மைக்ல சொன்னேன்."

உக்காந்தேன். எட்டு மணி. ஒம்போது மணி. கடலுக்குப் போனவங்க கரைக்கு வரணுமாம், அவங்க இல்லாமக் கூட்டம் கூடாதாம். பத்து மணிக்கு எல்லாப் போட்டும் வந்துடுச்சு, ஒண்ணைத் தவிர. அந்த ஒத்தப் போட்டுக்காக ஒரு மணி நேரம் சார்! கண்ண மூடினா மவன் காலை உதறிக்கிட்டு இருக்கான். இவனுங்க போட்டை எண்ணிக்கிட்டு இருக்கானுங்க. எழுந்து போயிடலாமான்னு பாத்தேன். எங்க போறது? அழுதேன் சார். அந்த ஊரு வாசல்ல, அத்தனை பேரு பாக்க, துண்டால வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். அப்பவும் ஒருத்தரும் கிட்ட வரல.

பதினொண்ணே காலுக்கு உள்ள கூப்பிட்டாங்க. நூத்திப்பத்து பேரு இருக்கும். தரையில உக்காந்திருக்காங்க. தேசிங்கு முதல் வரிசையில. நான் அந்தப் பக்கம் பாக்கல.

நாகமுத்து கேட்டான்: "ரெண்டு போட்டு ஏன் ஒட்டி நின்னுச்சு?"

"இஞ்சின் நின்னுபோச்சு. கட்டி இழுக்கத்தான்"னேன்.

"தூரத்துலேந்து பாத்தவனுக்கு அது எப்படித் தெரியும்?"

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "கடக்கரையில பொறந்த சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்யா. கிட்ட வந்து பாத்திருந்தாத் தெரியும். ஒரு சத்தம் குடுத்திருந்தாத் தெரியும்"னு கத்திட்டேன்.

கூடத்துல இருந்த அத்தனை பேரும் என்னையே பாத்தாங்க. அதுக்கு ஏன் சார் கூடமே அப்படிப் பாக்கணும்? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீங்களும் அப்படிப் பாக்காதீங்க சார். அவன் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னேன்.

அப்பறம் நாகமுத்து, "தேசிங்கு, தம்பி ஒன் தம்பி, கை ஒன் கை. நீ முதல்ல சொல்லு"ன்னான். இவன் வேணாம்னா முடிஞ்சுது. அந்தக் கூடத்துல அவன் பேச்சை மீறி எவன் கை தூக்குவான்? என் மவனோட பேரு இவன் வாயில இருக்கு. சாமி, என்னை என்ன வேணா கேளு, விழுந்து கும்புடச் சொன்னாலும் கும்புடறேன், வேணாம்னு மட்டும் சொல்லிடாதன்னு மனசுக்குள்ள கெஞ்சறேன்.

எழுந்து நின்னான். "கலைவேந்தன் அன்னிக்குப் போட்டுல ஏறல. அதுக்கு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தான். எட்டு நாளு எனக்கு சோறு ஊட்டிவிட்டான். அவனுக்கு எழுதிக் குடுங்க"ன்னான்.

எட்டு நாளு சார். எனக்குத் தெரியாது. வலை வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவான்.

"இவருக்கு?"ன்னு நாகமுத்து கேட்டான், என்னைக் காட்டி.

தேசிங்கு என் பக்கம் திரும்பினான். "இவரு ஒண்ணும் எனக்குத் தர வேணாம். இவரு ஊரு மைக்ல இவரு வாயால சொல்லட்டும். ஊரைக் கேக்காம, எங்களுக்குச் சொல்லியனுப்பாம வந்து அடிச்சது தப்புன்னு. அவ்வளவு போதும்"ன்னான்.

கை தூக்கச் சொன்னாங்க. எல்லாக் கையும். நான் எண்ணல, எண்ணத் தோணல. சரின்னேன். சொல்றேன்னு எல்லாரு முன்னாடியும் வாக்குக் குடுத்தேன். "சொன்னப்பறம் பேப்பரை வாங்கிக்க"ன்னு ஒருத்தன் பின்னாடிலேந்து கத்தினான். நாகமுத்துதான், "புள்ள விஷயம். முதல்ல குடுப்போம், மனுசன் சொன்னாச் செய்வாரு"ன்னு லெட்டர்ல முத்திரைய வச்சுக் குடுத்தான். ஊரு சரின்னதும் மகிழரசன் எழுதிப் போன்ல அனுப்பினதும் கூடவே இருக்கு. இதோ, இந்தப் பைதான். மடியிலேந்து கீழ வைக்கவே இல்ல பாருங்க.

சொன்னீங்களா, மைக்ல சொன்னீங்களான்னுதானே கேக்குறீங்க? இல்ல, எங்க சார் நேரம்? நேத்து வந்ததே மூணு மணி. அப்பறம் நகல் எடுக்கணும், போட்டோ ஒட்டணும். காலையில அஞ்சரைக்கு ஊருலேந்து கிளம்பிட்டேன். வந்து சொல்லிக்கலாம். ரெண்டு நாளு, மூணு நாளு, என்ன ஆயிடப் போவுது? மாட்டேன்னா சொன்னேன்? கொஞ்சம் பக்குவமா, எழுதி வச்சுக்கிட்டு, ஆளுங்க குறைவா இருக்கற நேரமாப் பாத்து சொல்லிக்கலாம். வேலை முதல்ல முடியட்டும், அப்பறம் சொன்னா ஆச்சு. கிளம்பறப்ப வள்ளிக்கண்ணுவும் இதையேதான் கேட்டுச்சு. "சொல்லிட்டுப் போங்க, அஞ்சு நிமிஷம்தானே"ன்னு வாசல்ல நின்னு மறிச்சுச்சு. "எதை எப்ப செய்யணும்னு எனக்குத் தெரியும், நீ உள்ள போ"ன்னேன். என்னையே பாத்துச்சு. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கல, அப்படியே கிளம்பி வந்துட்டேன்.

கொஞ்சம் இருங்க சார். ஊருலேந்து போனு.

அலோ... யாரு, சிங்காரமா? சொல்லுடா... பஸ்ல இருக்கேன். பாண்டிச்சேரி தாண்டல இன்னும். என்னது? சத்தமாச் சொல்லு. என்ன சத்தம் அது பின்னாடி? மைக்கா? யாரு பேசறது?

இருடா. போனை அந்தப் பக்கம் திருப்பு.

...

சார், இதைக் கொஞ்சம் கேளுங்க. இந்தக் காதுல வச்சுக் கேளுங்க. எனக்குத்தான் அப்படிக் கேக்குதா?

எங்க வூட்டுல அதான் சார். வள்ளிக்கண்ணு. கோயில் மைக்ல நிக்குது. "எங்க வூட்டுக்காரரு ஒங்களையெல்லாம் கேக்காம, அவங்களுக்கும் சொல்லியனுப்பாம, போயி அடிச்சது தப்பு. தேசிங்கு தம்பி, எங்க குடும்பத்தை மன்னிச்சுக்க. தலைக்கட்டுக்கு ஒரு ஆள் கூடத்துக்கு வாங்க. நம்ம ஊரும் கலைவேந்தனுக்குக் கையெழுத்துப் போடணும்"ங்குது. என் புள்ளைக்குக் கையெழுத்துக் கேக்குது. சாலிமேட்டுல வாங்கினேன், சொந்த ஊர்ல நான் கேக்கவே இல்லையே சார். எனக்குத் தோணவே இல்லையே.

எங்க ஊர்ல பொம்பளைங்க அந்த மைக்கைத் தொட்டது கிடையாது. கூட்டத்துக்கு அழைச்சது கிடையாது.

டேய் சிங்காரம், ஆள் வருதா? என்னது? கூடம் ரொம்பிடுச்சா? வாசல் வரைக்கும் நிக்கிறாங்களா? பொம்பளைங்களும் வர்றாங்களா?

சரி... சரி, வையி.

முப்பத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்துறேன் சார். நான் உசிரோடதானே இருக்கேன்? போனு கையிலதானே இருக்கு? யாரைக் கேட்டு இதைச் செஞ்சுச்சு அது? சொல்லுங்க சார். என்னை ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?